புகைக்குண்டுக் குழலும் தொண்ணூற்றாறு துளைகளும்

தெரியாது என்று சொல்வதற்கு ஒரு துணிவு வேண்டும். அந்தத் துணிவு எனக்கு இருபத்தைந்து வயது வரை வரவில்லை. யாராவது சைக்கிளை நிறுத்தி வழி கேட்டால், நான் கேள்வியே பட்டிராத இடத்துக்கும் கையை நீட்டிக் காட்டிவிடுவேன். (புளியங்குளத்துக்குப் போக வேண்டிய ஒரு மனிதர் என் தயவில் வற்றாப்பளை அம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவருக்கு நல்லதுதான் நடந்திருக்கும்.) பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்து, பட்டத்தோடு தர்மபுரத்துக்குத் திரும்பி வந்தபோது இந்த நோய் முற்றிப் போயிருந்தது. பட்டதாரிக்குத் தெரியாதது என்று ஒன்று இருக்கலாமா?

ஒன்று இருந்தது. அது எங்கள் வீட்டுக் குசினி. அம்மா சமையலுக்குக் கூப்பிடும் நேரமெல்லாம் என் கையில் ஒரு புத்தகம் இருக்கும். போர்க்கலை பற்றிய புத்தகமென்றால் இன்னும் வசதி. அட்டையில் இருக்கும் பீரங்கியைப் பார்த்து அம்மா பேசாமல் திரும்பிப் போய்விடுவார். எந்தக் குண்டு எவ்வளவு தூரம் போகும் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தேங்காய்ப்பாலில் முதற்பால் எது, கடைசிப்பால் எது என்று விழித்திருக்கும்போது கேட்டாலும் தெரியாது. இதை நான் ஒரு குறையாக நினைக்கவில்லை. பெருமையாக நான்கு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்படிப்பட்ட என்னை நம்பித்தான் ஓர் அருங்காட்சியகத்தை ஒப்படைத்தார்கள். இது நடந்து பத்து வருடம் இருக்கும். கிளிநொச்சி நகரில், பிரதான வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கை ஒன்றில், பழைய நெல் களஞ்சியத்தைத் திருத்தி, ஊர்ப் பெரியவர்கள் ஐந்து பேர் அதைத் தொடங்கினார்கள். நகரம் போரில் பட்டதையெல்லாம் ஒரு கூரையின் கீழ் வைக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. தலைவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். அவரிடம் படித்தவர்களும் படிக்காதவர்களும் அவரைச் சேர் என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைத் தற்காலிகக் காட்சிப் பொறுப்பாளராக எடுத்தார்கள். திறப்பு விழா நல்லபடி முடிந்தால் வேலை நிரந்தரம் என்று சேர் சொன்னார்.

வீட்டில் இன்னொரு திறப்பு விழா காத்துக்கொண்டிருந்தது. பிரான்சிலிருந்து ஒரு மாப்பிள்ளைப் பேச்சு. அம்மாவும் நானும் மூன்று நாள் சண்டை பிடித்து, கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். வேலை நிரந்தரமானால் இரண்டு வருடத்துக்கு அம்மா கல்யாணத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. ஆகாவிட்டால் அடுத்த நாளே என் படம் தரகரிடம் போகும். தீர்ப்பைத் தன் கண்ணால் பார்ப்பதற்காகத் திறப்பு விழாவுக்குத் தானும் வருவதாக அம்மா அறிவித்துவிட்டார்.

ஆகவே நான் அந்த அருங்காட்சியகத்தை உயிரைக் கொடுத்து அலங்கரித்தேன். ஜாம் போத்தலுக்குள் துளி மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கு, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதித்து வானொலி கேட்ட டைனமோ, பள்ளிக்கூடத்தில் மணியாகத் தொங்கிய வெற்று எறிகணைக் கோது, சேலையைக் கிழித்துத் தைத்த மண்மூட்டை என்று சனம் கொண்டுவந்து தந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்ப் பலகை. ஒவ்வொரு பெயர்ப் பலகைக்கும் கீழே 'தொடாதீர்கள்' என்று சிவப்பு எழுத்தில் இன்னொரு பலகை. எழுத எழுதக் கை பழகிப்போய் கதவுக்கு ஒன்று, என் கதிரைக்கு ஒன்று, குடிதண்ணீர்க் குடத்துக்கும் ஒன்று எழுதி மாட்டினேன். (வேலை செய்ய வந்த மேசன் ஒருவர் ஒரு நாள் முழுக்கத் தாகத்தோடு இருந்தாராம்.) ஒரு முறை சந்தைக்கு வந்த வழியில் எட்டிப் பார்த்த அம்மா, அந்தச் சிவப்புப் பலகைகளைச் சுற்றி வந்து படித்தார்.

"வீட்டுச் சட்டி பானையளிலயும் உந்தப் பலகையை எழுதிக் கொழுவியிருக்கலாம், பிள்ளை. நீ தொடாததுக்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு மரக்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அது வந்தது. தர்மபுரத்தின் பின்பக்கம் ஒரு காணியில் தூர்ந்து கிடந்த கிணற்றைத் துப்புரவாக்கியவர்கள், கிணற்றுக் கட்டோடு ஒட்டி மண்ணில் வெட்டியிருந்த ஒரு கிடங்குக்குள் கிடைத்தவற்றைச் சாக்கில் கட்டி எங்களிடம் தந்தார்கள். ஓட்டை வாளி, சங்கிலித் துண்டு, உடைந்த அம்மிக் குழவி. இவற்றோடு ஒரு குழல். முழங்கையின் பாதி நீளம். பித்தளை. பச்சைக் களிம்பு ஏறி, வாய் கொஞ்சம் நெளிந்து, உள்ளே களிமண் இறுகியிருந்தது. ஒரு பக்கத்தில் கைபிடி போல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. மறுபக்கத்தில் அது முறிந்த அடையாளம் மட்டும். தூரிகையால் மூன்று நாள் மண்ணைக் கிண்டி எடுத்தேன். அடியில் ஒரு தட்டு. தட்டு முழுவதும் வட்ட வட்டமாகச் சிறு துளைகள்.

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இப்படி ஓர் ஆயுதம் இல்லை. இதிலிருந்து ஒரு சாதாரண மனுசி என்ன முடிவுக்கு வருவாள்? இது ஆயுதமல்ல என்ற முடிவுக்கு. நான் வந்த முடிவு, உலகம் இன்னும் அறியாத ஓர் ஆயுதத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்பது.

நிர்வாகக் குழு கூடியது. மேசை நடுவில் குழல். சுற்றிவர ஐந்து ஆண்களும் நானும். உழவு இயந்திரம் வைத்திருந்தவர் அது நீர் இறைக்கும் இயந்திரத்தின் உறுப்பு என்றார். முன்னாள் தபாலதிபர் அது எறிகணையின் வால் என்றார். நான் எழுந்து, துளைகளின் வழியே புகை சீராக வெளியேறி ஒரு திரையை உருவாக்கும் என்று வெண்பலகையில் படம் போட்டு விளக்கினேன். சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, துளைகள் ஒரே மையத்தைச் சுற்றிய வட்டங்களாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார். இவ்வளவு கணக்காக வேலை செய்தவன் சாதாரண ஆளாக இருக்க முடியாது என்றார். அத்தோடு புகைக்குண்டு ஏகமனதாக நிறைவேறியது.

பிறகு காலைச் சாப்பாட்டுப் பார்சல் வந்தது. இடம் போதாததால் சேர் குழலைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். அதற்குப் பக்கத்தில் வாழையிலையை விரித்து, ஆறு பேரும் இடியப்பமும் சம்பலும் சொதியும் சாப்பிட்டோம். இடியப்பம் பஞ்சு போல இருக்கிறது என்று தபாலதிபர் மெச்சியது இன்றைக்கும் என் காதில் கேட்கிறது.

பெயர்ப் பலகை எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது. 'உள்ளூரில் வடிவமைக்கப்பட்ட புகைக்குண்டுக் குழல். பித்தளை. அடித்தட்டில் தொண்ணூற்றாறு துளைகள் (மூன்று முறை எண்ணப்பட்டது). எதிரியின் பார்வையை மறைக்கப் பயன்பட்டது.' கூடத்தின் நடுவில், தனிக் கண்ணாடிப் பெட்டிக்குள், கறுப்பு வெல்வெட் துணியில் அதைப் படுக்க வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். போர்க்கருவிகளைப் பற்றி எழுதும் ஒரு பேராசிரியர் கொழும்பில் இருந்தார். அவருக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். படம் போட்டு, அளவு போட்டு. வராதவர் என்று பெயரெடுத்த அந்த மனிதர், இந்தக் குழலைப் பார்க்கத் தானே வருவதாகவும், விழாவில் பிரதம விருந்தினராக இருக்கச் சம்மதம் என்றும் பதில் போட்டார். சேர் என்னைப் பார்த்த பார்வையில் நிரந்தர நியமனம் எழுதப்பட்டிருந்தது.

விழா ஒரு சனிக்கிழமை காலை. அம்மா முதல் வரிசையில், கல்யாணக் கூறைக்கு அடுத்த தரத்துப் பட்டுச் சேலையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பின் கொட்டிலில் தேநீரும் வடையும் மத்தியானச் சாப்பாடும் பாக்கியம் அக்காவின் பொறுப்பு. பாக்கியம் அக்காவுக்கு ஐம்பது கடந்திருக்கும். பெற்றோர் மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். பேச்சில் ஆமாவும் ஓமும் மாறி மாறி வரும். வீதியோரச் சாப்பாட்டுக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பதுதான் அவர் தொழில். குழுவினர் அன்றைக்கு மெச்சிச் சாப்பிட்டது அவர் கையால் பிழிந்ததைத்தான்.

விளக்கேற்றி முடிந்ததும் நான் பேராசிரியரை நேரே கண்ணாடிப் பெட்டிக்குக் கூட்டிப்போனேன். கையில் ஒரு நீளக் கம்பு. சுட்டிக்காட்டுவதற்கு. ஒரு புகைத்திரை எப்படி எழும், காற்று எந்தப் பக்கம் அடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து, கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இதற்கென்று தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்றார். என் பெயரையும் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் முகத்தில் பிரான்ஸ் மெல்ல மெல்ல மங்குவது தெரிந்தது.

அப்போது பாக்கியம் அக்கா தேநீர்த் தட்டோடு வந்தார். பேராசிரியரிடம் நீட்டப் போனவர் அப்படியே நின்றார். கண்ணாடிப் பெட்டியையே பார்த்தார். பிறகு தட்டைப் பெட்டியின் மேல், 'தொடாதீர்கள்' என்ற எழுத்தின் மேலேயே வைத்தார்.

"அக்கா, தட்டை எடுங்கோ. பெட்டியில ஒண்டும் வைக்கக் கூடாது" என்றேன்.

அவர் தட்டை எடுக்கவில்லை. மெதுவாகச் சொன்னார்:

"தங்கச்சி, இதோட மேல்பாதி என்கிட்ட இருக்கு."

பேராசிரியர் கையிலிருந்த தொலைபேசி கிட்டத்தட்ட விழுந்துவிட்டது. மற்றப் பாதி! ஓர் ஆயுதத்தின் தொலைந்த பாதியை வீட்டில் வைத்திருக்கும் சாட்சி, தேநீர்த் தட்டோடு என் முன்னால் நிற்கிறார். பேராசிரியர் உடனே ஒலிப்பதிவைப் போட்டு, அவருக்குக் கதிரை எடுத்துக் கொடுத்தார். (என் கதிரை. 'தொடாதீர்கள்' போட்டது.) இதை இயக்கத் தெரியுமா என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். ஓம், பதினைந்து வருடம் கையில் வைத்திருந்தேன் என்றார் பாக்கியம் அக்கா. எப்படி இயக்குவது என்று கேட்டார். உள்ளே வைத்து, மேலே இருந்து இரண்டு கையாலும் அமுக்க வேண்டும் என்று பதில் வந்தது. நான் வெற்றிப் பெருமிதத்தோடு சேரைப் பார்த்தேன்.

"உள்ளே என்ன மருந்து வைப்பீர்கள்?" என்று பேராசிரியர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

பாக்கியம் அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இவ்வளவு படித்தவர்களுக்கு இப்படி ஒரு கஷ்டமா என்ற இரக்கம் அந்தப் பார்வையில் இருந்தது.

"மருந்து எதுக்குங்க? அரிசி மாவு தான். இது இடியாப்ப ஒரலு."

முதல் வரிசையில் ஒரு கதிரை நகரும் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து வந்தார். கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஒரே ஒரு பார்வை. அவ்வளவுதான்.

"ஓம், இடியப்ப உரல் தான்" என்றார் அம்மா. "மற்றக் கைபிடி முறிஞ்சு போச்சு."

அம்மாவுக்குப் பின்னால் மற்றப் பெண்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரும் பார்த்த மாத்திரத்தில் தலையை ஆட்டினார்கள். ஒருவர் தன் தாயிடமும் இதேபோல் பித்தளையில் ஒன்று இருந்தது என்றார். மூன்று நாள் தூரிகை பிடித்து, மூன்று முறை துளை எண்ணி, நான்கு பக்கக் கடிதம் எழுதி நான் அடைய முடியாத உண்மையை அவர்கள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அடைந்தார்கள். குழுவின் ஐந்து ஆண்களும் சுவரில் இருந்த வரைபடத்தைத் திடீரென்று அக்கறையோடு ஆராயத் தொடங்கினார்கள்.

அந்த இடத்திலாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். என் வேலை, என் இரண்டு வருடம், எல்லாம் அந்தத் துளைகள் வழியே ஒழுகிக்கொண்டிருந்தது. ஆகவே நான் கம்பை உயர்த்தினேன். வடிவம் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்றேன். இடியப்ப உரலைப் பார்த்து யாரோ ஒரு பொறியியலாளர் இந்த ஆயுதத்தை வடிவமைத்திருக்கலாம் என்றேன். (இதைச் சொன்னது நான்தான். மறுக்கவில்லை. பேராசிரியரின் ஒலிப்பதிவில் இருக்கிறது.) பேராசிரியர் நம்பிக்கையோடு தலையாட்டினார், பாவம். அவருக்கும் வேறு வழியில்லை.

"வெளிப்பக்கத்துல, கைபிடிக்குக் கீழ, என் பேரு இருக்கும்" என்றார் பாக்கியம் அக்கா. "கல்யாணத்துக்கு எங்கம்மா குடுத்தது. பேரு வெட்டித்தான் குடுத்தாங்க."

களிம்பைத் தேய்க்கக் கூடாது, பழைமை போய்விடும் என்று நான் புத்தகத்தில் படித்ததால் வெளிப்பக்கத்தை விட்டுவைத்திருந்தேன். பாக்கியம் அக்கா அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை. பின் கொட்டிலுக்குப் போய், ரசத்துக்கு ஊறவைத்த புளியில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு வந்தார். சேர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். கறுப்பு வெல்வெட்டின் மேலேயே உரலை மடியில் வைப்பதுபோல வைத்துக்கொண்டு பாக்கியம் அக்கா தேய்த்தார். பச்சை போய் மஞ்சள் வந்தது. மஞ்சளுக்குள் புள்ளி புள்ளியாக எழுத்து வந்தது. சி. பாக்கியம்.

அவர் அந்த எழுத்தின் மேல் விரலை ஓட்டினார். பிறகு யாரையும் பாராமல் சொன்னார். கடைசியாக ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்று காலை இடியப்பம் பிழிய ஆயத்தம். எறிகணை கிட்ட விழத் தொடங்கியது. ஒரு கிழமையில் திரும்பி விடலாம் என்று சாமான்களைக் கிணற்றடியில் கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டு, மாவு வாளியை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடினார். இடம் மாறி மாறி ஓடி, மூன்றாவது இடத்தில் வாளியைக் கவிழ்த்தபோதுதான் உரலின் மேல்பாதி மாவுக்குள் கிடந்தது தெரிந்ததாம்.

"ஒண்ணுக்கும் உதவாது. ஆனா வீசிட்டு வர மனசு வரல. எல்லா எடத்துக்கும் தூக்கிக்கிட்டே நடந்தேன்" என்றார்.

என் கையில் இருந்த கம்பு திடீரென்று பாரமாகிவிட்டது. நான் அதைச் சுவரில் சாத்தி வைத்தேன். வெட்கம் எனக்கு அந்த நேரத்தில்தான் வந்தது. அதற்கு முன்னால் வந்தது பயம் மட்டும்தான்.

உரலை உரியவரிடம் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் சேர் கணித ஆசிரியர். விதி விதிதான். பதிவேட்டில் ஏறிய பொருளை வெளியே கொடுப்பதானால், பதிவு பிழை என்று பதிந்தவரே எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்று அவர்தான் முன்பு விதி போட்டிருந்தார். பதிவேட்டை எடுத்து என் முன்னால் விரித்தார். புகைக்குண்டுக் குழல் என்று என் அழகான கையெழுத்தில் இருந்தது. எதிரே பிரதம விருந்தினர். பக்கத்தில் அம்மா. பிழை என்று எழுதினால் நிரந்தர நியமனம் போய்விடும், அம்மாவின் கைப்பைக்குள் இருக்கும் என் படம் புறப்பட்டுவிடும். (படத்தைக் கொண்டே வந்திருந்தார். பிறகுதான் தெரிந்தது.) நான் கடைசியாக ஒரு முறை தப்பப் பார்த்தேன். உரல் இங்கேயே இருந்தால் ஊர் உலகமெல்லாம் வந்து பார்க்கும் என்று பாக்கியம் அக்காவிடம் நயமாகச் சொன்னேன்.

"பாத்தது போதும் தங்கச்சி. அதுல மாவு வச்சிப் புழியப் போறேன்" என்றார். "இப்ப இருக்கிற மர ஒரலு வெடிச்சிப் போச்சு. மணிக்கட்டு வலி தாங்கல."

இதற்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் பதில் கற்றுத் தருவதில்லை. நான் பேனாவை எடுத்தேன்.

"சேர், எனக்கு இது என்னெண்டு தெரியாது. தெரியாமத்தான் எழுதினனான்."

வாழ்க்கையில் முதல் முறையாக அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது. கூரை இடிந்து விழவில்லை. சேர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, என் கையொப்பத்துக்குக் கீழே தானும் ஒன்று போட்டார்.

"எங்களுக்கும் தெரியாது, பிள்ளை" என்றார். "உதுக்குப் பக்கத்தில வச்சுத்தான் அஞ்சு பேரும் இடியப்பம் திண்டனாங்கள்."

பாக்கியம் அக்கா சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் மேல்பாதியோடு திரும்பினார். உரலின் வாய் நெளிந்திருந்ததால் அது முதலில் இறங்கவில்லை. உழவு இயந்திரக்காரர் பள்ளிக்கூட மணியாக இருந்த எறிகணைக் கோதை எடுத்து வந்து, உரலின் வாயை அதில் மாட்டிச் சுத்தியலால் தட்டி வளைவை எடுத்தார். அது ஒரு காட்சிப் பொருள், தொடக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். உரலைக் கொதிநீரில் அவித்துக் கழுவினார்கள். மேல்பாதி கீழ்ப்பாதிக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கியது. பாக்கியம் அக்கா மாவை வைத்து அமுக்க, தொண்ணூற்றாறு துளைகளிலும் தொண்ணூற்றாறு நூல் இறங்கியது. பெண்கள் கை தட்டினார்கள். பேராசிரியரும் தட்டினார்.

விழா அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கதைக்கு ஒரு கௌரவம் இருந்திருக்கும். பாக்கியம் அக்கா நல்ல மனதோடு உரலை என்னிடம் நீட்டி, நீங்களும் பிழிந்து பாருங்கள் என்றார். அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாங்கினேன். மேல்பாதியை நேராக இறக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் தெரியும் என்றிருப்பேன். சாய்த்து வைத்து முழுப் பலத்தோடு அமுக்கினேன். கீழே ஒரு நூலும் வரவில்லை. பக்கவாட்டால் பிதுங்கிய சூடான மாவுக் கட்டி ஒன்று பறந்து போய்ப் பேராசிரியரின் மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. மற்றப் பக்கத்தில் ஆவி படர்ந்தது. அவர் ஒன்றும் தெரியாமல் கைகளை நீட்டித் தடவிக்கொண்டு நின்றார்.

எதிரியின் பார்வையை மறைக்கப் பயன்பட்டது என்று நான் எழுதியது இப்படித்தான் உண்மையானது. மத்தியானம் அவர் பதினான்கு இடியப்பம் சாப்பிட்டார். கட்டுரையைப் பற்றி மட்டும் பிறகு பேசவில்லை.

பேருந்தில் திரும்பும்போது அம்மா பரந்தன் சந்தி வரை கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி வந்தார். நான் பிரான்சில் பனி எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். சந்தி தாண்டியதும் அம்மா கைப்பையைத் திறந்தார். என் படத்தை எடுத்து ஒருமுறை பார்த்தார். பிறகு என் கையில் தந்தார்.

"இதை நீயே வச்சிரு. இடியப்ப உரல் தெரியாத பிள்ளையை என்னெண்டு இன்னொரு வீட்டுக்கு அனுப்பிறது? பாவம், அதுகளும் மனுசர் தானே."

இப்படியாக நான் கேட்ட இரண்டு வருடம் எனக்குக் கிடைத்தது. மாப்பிள்ளை வீட்டார் மேல் அம்மாவுக்கு வந்த இரக்கத்தில். அந்த இரண்டு வருடமும் வேலை முடிந்து வந்ததும் குசினியில் எனக்கு வகுப்பு நடந்தது என்பது வேறு விஷயம்.

வேலையும் போகவில்லை. தற்காலிகம் இன்னும் ஆறு மாதத்துக்கு நீண்டது. ஆனால் குழு ஒரு தீர்மானம் போட்டது. எந்தப் பெயர்ப் பலகையும் குறைந்தது மூன்று பெண்களிடம் காட்டிய பிறகே தொங்கவிடப்பட வேண்டும். அந்த விதி இன்றும் இருக்கிறது. முதல் கிழமையிலேயே அதன் பலன் தெரிந்தது. 'கண்காணிப்புக் கருவியின் உறுப்பு' தையல் இயந்திரத்தில் நூல் சுற்றும் பாகமானது. 'கம்பி வெட்டும் ஆயுதம்' பாக்குவெட்டியானது. 'இனங்காணப்படாத வெடிபொருள்' என்று நான் மணல் வாளிக்குள் பத்திரமாக வைத்திருந்ததை அம்மா வந்து பார்த்து, தராசுப் படிக்கல் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நடுக் கண்ணாடிப் பெட்டியை என்ன செய்வது என்று நெடுநாள் தெரியவில்லை. கடைசியில் பாக்கியம் அக்காவே ஒரு வழி சொன்னார். இப்போது அங்கே ஒரு புதிய பெயர்ப் பலகை இருக்கிறது. மூன்று பெண்களிடம் காட்டி நான் எழுதியது. 'சி. பாக்கியத்தின் இடியப்ப உரல். கீழ்ப்பாதி மண்ணுக்குள் இருந்தது. மேல்பாதி அவரோடு நடந்தது. ஞாயிறு பின்னேரம் மட்டும் காட்சிக்கு உண்டு. மற்ற நாட்களில் வேலைக்குப் போயிருக்கும்.' வெறும் பெட்டியைப் பார்த்துவிட்டுச் சனம் அதை வாசித்துக்கொண்டு நிற்கும். நிரம்பிய பெட்டிகளுக்கு முன்னால் அவ்வளவு நேரம் நிற்பதில்லை.

மூன்றாம் வருடம் எனக்குக் கல்யாணம். பிரான்ஸ் இல்லை, வவுனியா. வீட்டில் இன்றைக்கும் நான் இடியப்பம் பிழிய உட்கார்ந்தால் கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பொக்கெட்டில் போட்டுக்கொள்வார். பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் பதுங்குவார்கள். விருந்தினர் யாராவது ஏன் என்று கேட்டால் போதும், முழுக் கதையும் முதலிலிருந்து தொடங்கும்.

நான் பிழியும் உரல் அம்மா என் கல்யாணத்துக்குத் தந்தது. பித்தளை. பெயர் பொறிப்பவரிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்து, பக்கத்தில் நின்று வெட்டுவித்தாராம். கைபிடிக்குக் கீழே புள்ளி எழுத்தில் என் பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே, நான் முன்பு சிவப்பில் எழுதிய அதே அளவில், இன்னொரு சொல் இருக்கிறது.

தொடவும்.